கண்ணேறு பிடிக்கும் பை

கடலோரப் பொமோரியே ஊரின் வாசகசாலை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. புத்தகம் படிப்பதற்காகக் கட்டிய மண்டபம் அது. படிக்க வருபவர்கள் வாரத்துக்கு மூன்று பேர். அதில் இரண்டு பேர் கடற்காற்றுக்கு ஒதுங்குகிறவர்கள். அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை காலையிலோ, நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பில் எல்லாம் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஒரு பைக்காக. சாதாரணப் பையா? உயிருள்ள பை!

மேடையில் பேராசிரியர் ஸ்வெத்லோசார் நின்றார். எந்தக் கல்லூரிப் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா?

"அம்மாமாரே! உங்க சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால என்ன தொங்குது? பிளாஸ்டிக் பை! அதுக்குள்ள என்ன இருக்கு? இன்னும் நூறு பிளாஸ்டிக் பை!"

மண்டபம் சிரித்தது. முதல் வரிசையில் இருந்த மின்கா கொஞ்சம் நெளிந்தாள். அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அப்படி மூன்று தொங்கின.

"பிளாஸ்டிக்குக்கு ஞாபகசக்தி உண்டு, தெரியுமா? கடைக்காரன் கண்ணு, வரிசையில நின்னவ கண்ணு, கண்ணேறு எல்லாத்தையும் அது உறிஞ்சி வெச்சுக்குது. அதுல வெச்ச சாப்பாட்டைத் தின்னா மூட்டு வலிக்கும். வலிக்குதா இல்லையா?"

"வலிக்குது!" என்று மண்டபமே அலறியது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிரம்பிய இடத்தில் மூட்டு வலி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்! எப்பேர்ப்பட்ட ஞானம்!

பிறகு பையை எடுத்தார். கத்தரிப்பூ நிறத்தில் கொழகொழவென்று ஒரு சிலிக்கான் பை. மலை மணலில் பிறந்ததாம். ஏழு சுனை நீரில் ஏழு பௌர்ணமி ஊறியதாம். சுத்தமான கை பட்டால் பால்போல் வெளுக்குமாம். கண்ணேறு உள்ள கை பட்டால் அப்படியே இருண்டு கிடக்குமாம். இதில் வைத்த சாப்பாட்டுக்கு எந்தக் கண்ணும் படாதாம். கடையில் அதே அளவு சிலிக்கான் பை அவர் கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்தப் பை பாவம், பௌர்ணமி பார்க்காதது.

மின்கா வாங்கினாள். கையில் பிடித்தாள். பத்து எண்ணுவதற்குள் அவள் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆனது. மின்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் சுத்தம்! எல்லாரும் பாத்துக்குங்க, நான் சுத்தம்!"

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் பக்கத்து வீட்டுத் தோன்கா உள்ளே வந்தாள். சந்தையில் மீன் விற்பவள். கடையை அப்படியே மூடிவிட்டு, ரப்பர் காலணியோடு வேடிக்கை பார்க்க ஓடி வந்திருந்தாள்.

"என்னடி கூத்து இது?"

"இந்தா, நீயும் பிடி!" என்று மின்கா பையை அவள் கையில் திணித்தாள்.

பத்து எண்ணினார்கள். இருபது எண்ணினார்கள். மின்காவின் விரல் தடம்கூட மறைந்து பை கத்தரிப்பூவாகவே கிடந்தது.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்க யார் யார் வீட்டுக்குப் போய்ட்டு வர்றீங்க?"

பக்கத்து நாற்காலிகள் நகர்ந்தன. கண்ணேறு தன்மேல் ஒட்டாமலிருக்க ஒருத்தி தன் சட்டைக் கழுத்துக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டாள். தோன்கா முதலில் சிரித்தாள். பிறகு மின்காவைப் பார்த்தாள். மின்கா தரையைப் பார்த்தாள்.

அந்த ஊரில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது கிடையாது. இரண்டு முட்டையாவது, ஒரு பிடி திராட்சையாவது உள்ளே இருக்க வேண்டும். முப்பது வருடமாக மின்கா வீட்டுக்கும் தோன்கா வீட்டுக்கும் நடுவே ஒரே துணிப்பை மீனோடு வரும், மிளகாயோடு போகும். அன்று சாயங்காலம் மின்கா அந்தப் பையைத் துவைத்துக் காயவைத்து, வெறும் பையாகத் தோன்காவின் வெளிக்கதவில் மாட்டிவிட்டு ஓடி வந்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த நாள் தோன்காவின் மீன் கடைக்கு ஈயைத் தவிர யாரும் வரவில்லை.

அது சிவப்புக் குடைமிளகாய் சுடும் வாரம். மிளகாயைச் சுட்டு, சூட்டோடு பையில் போட்டு மூடி வியர்க்கவிட வேண்டும். அப்போதுதான் தோல் அழகாக உரிந்து வரும். குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. வருடா வருடம் மின்கா சுடுவாள், தோன்கா உரிப்பாள், இருவரும் சேர்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். இந்த வருடம் மின்கா தனியாகச் சுட்டு, தனியாக உரித்து, பேச ஆளில்லாமல் மிளகாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். தோன்கா இல்லாத முற்றம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

முதல் ஈடு மிளகாயைப் புதுப் பையில் போட்டாள். பை சட்டென்று வெளுத்தது.

"என் மிளகாயும் சுத்தம்!" என்று பூரித்தாள்.

ஆறியதும் பையை ஃப்ரிட்ஜில் வைத்தாள். திரும்பத் திறந்து பார்த்தால் பை இருண்டு கிடந்தது. ஐயோ, ஃப்ரிட்ஜுக்குக் கண்ணேறு! மின்கா ஓடிப்போய்ச் சிவப்பு நூல் கொண்டு வந்து ஃப்ரிட்ஜைச் சுற்றிக் கட்டினாள். த்தூ த்தூ என்று துப்பினாள். பை மசியவில்லை.

மறுநாள் மிளகாயை எடுத்துவிட்டுப் பையைக் கழுவி முற்றத்தில் நிழலில் போட்டாள். தெருப்பூனை வந்து அதன்மேல் சுருண்டு படுத்தது. போன வாரம்தான் மின்காவின் தட்டிலிருந்து மீன் வறுவலைத் தூக்கிக்கொண்டு ஓடிய பூனை அது. மின்கா அதை விரட்டினாள். பூனை படுத்திருந்த இடம் வட்டமாக, பால்போல் வெளுத்திருந்தது.

மின்கா வாயைப் பிளந்தாள். இந்தத் திருட்டு மூதேவி சுத்தமா? தோன்கா மட்டும் அசுத்தமா?

அப்போதுதான் அவள் மூளை மெதுவாக எழுந்து சோம்பல் முறித்தது. பையைத் தூக்கிக்கொண்டு மீன் கடைக்கு ஓடினாள். தோன்கா முழங்கை வரை ஐஸில் விட்டு மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னொரு வெறும் பையா?"

"தோன்கா, பூனை சுத்தமாம்டி!" என்று மின்கா அழுதேவிட்டாள்.

கதையைக் கேட்ட தோன்கா சிரித்த சிரிப்பில் கிளிஞ்சல் கூடை கவிழ்ந்தது. "அடிப் பைத்தியமே! என் மக கொழந்தைக்கு ஒரு கரண்டி வாங்குனா. கஞ்சி சூடா இருந்தா கரண்டி வெளுத்துடும். அதே சரக்குதாண்டி இது! காலையிலேருந்து ஐஸுல கெடக்குற கை எப்படி வெளுக்க வைக்கும்?"

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ தரையப் பாத்துட்ட."

மின்கா குனிந்து கவிழ்ந்த கிளிஞ்சல்களைக் கூடையில் அள்ளிப் போட்டாள். "மன்னிச்சுக்கடி" என்றாள்.

"சனிக்கிழமை மன்னிக்கிறேன். மொதல்ல எனக்கு ஒரு வேலை செய்யி."

அடுத்த சனிக்கிழமை மண்டபம் இன்னும் நெரிந்தது. பேராசிரியர் தோன்காவுக்கு எல்லோர் முன்னாலும் கண்ணேறு கழிப்பதாக அறிவித்திருந்தார். தட்சிணை தனி. கழித்ததும், பையை இருட்டாக்கும் ஃப்ரிட்ஜுகளுக்கு ஒரு பெரிய பை, அது இன்னும் தனி.

தோன்கா வாளி நிறைய ஐஸோடு மேடையேறினாள். "ஐயா, கழிக்கிறதுக்கு முன்னால என் காணிக்கை. இந்தப் பருவத்துல கெடைச்ச மொத சூரை மீன்." ஐஸுக்குள்ளிருந்து பெரிய மீன்கள் இரண்டை உருவி அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

ஓசியில் வந்த மீன்! பேராசிரியர் வாரி அணைத்துக்கொண்டார்.

"ஐயா, அப்படியே நில்லுங்க, படம் எடுக்குறேன்!" என்று மின்கா போனைத் தூக்கினாள். "மீனை இறுக்கிப் பிடிங்க. சிரிங்க. கண்ண மூடிட்டீங்க, இன்னொண்ணு. இந்தப் பக்கம் திரும்புங்க. அய்யய்யோ, என் விரல் மறைச்சிடுச்சு!"

பேராசிரியரின் விரல்கள் சிவந்து விறைத்துப்போயின. அப்போது தோன்கா மீனை வாங்கிக்கொண்டு பையை நீட்டினாள். "சுத்தமான கைன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவை காட்டுங்க ஐயா. பாத்துக் கத்துக்குறேன்."

அவர் தயங்கினார். மண்டபம் கை தட்டியது. வேறு வழியில்லாமல் பிடித்தார்.

பத்து. இருபது. முப்பது. பை கத்தரிப்பூ.

"ஐயோ, பேராசிரியருக்கே கண்ணேறு!" என்று ஒருத்தி வீறிட்டாள். முதல் வரிசை முழுவதும் சட்டைக் கழுத்துக்குள் துப்பிக்கொண்டது.

"மீ... மீனோட ஆவி!" என்று அவர் உளறினார்.

இதற்குள் மின்கா கொண்டுவந்து நீட்டிய சூடான தேநீர்க் கோப்பையைத் தோன்கா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் பையை வாங்கினாள். ஐந்து எண்ணுவதற்குள் பால்வெள்ளை. பிறகு பையைக் கோப்பையின்மேல் வைத்தாள். அதுவும் வெள்ளை.

"கோப்பையும் புண்ணியவதி! மின்கா வீட்டுப் பூனையும் புண்ணியவதி! சூடு இருந்தா வெளுக்கும், குளுந்தா கறுக்கும். ஏழு சுனையும் இல்ல, எட்டுச் சுனையும் இல்ல!"

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. சிரித்து முடித்தவர்கள் மேடைப் பக்கம் திரும்பினால், பேராசிரியர் பக்கவாட்டுக் கதவைத் தாண்டிவிட்டிருந்தார். காசுப் பெட்டியைத் தூக்கப் போனவரின் கோட்டை மின்கா பிடித்துக்கொள்ள, பெட்டியையும் கோட்டையும் விட்டுவிட்டு ஓடியிருந்தார்.

"அப்போ என் மூட்டு வலி?" என்று பின்வரிசையில் ஒருத்தி பரிதாபமாகக் கேட்டாள்.

"உனக்கு எழுபத்திரண்டு வயசு, தாயி!" என்றாள் தோன்கா.

அன்று சாயங்காலம் மின்கா தோன்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் அந்தச் சிலிக்கான் பை, பிதுங்கப் பிதுங்க, ஆவி பறக்கும் சுட்ட மிளகாயோடு.

"பாத்தியா, எவ்ளோ வெள்ளை!"

"மிளகாய் சுடுதுடி, மூதேவி. உள்ள வா, உரிக்கலாம்."

பையின்மேல் பழி போட ஒன்றுமில்லை. சூடு தாங்கும், கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், கதவுக்குப் பின்னால் நூறு பிளாஸ்டிக் பை தொங்க வேண்டியதில்லை. அதற்குச் சூடு தெரியும், குளிர் தெரியும்; யார் நல்லவர் என்று தெரியாது. முப்பது வருடம் கூட உட்கார்ந்து மிளகாய் உரித்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்த வெள்ளைக் கோட்டு ஊருக்குள் வந்து மூட்டு வலிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கல்லூரி என்று நீங்கள் கேட்டுவிடுங்கள். கேள்வி கேட்பதற்கு இன்னும் யாரும் காசு வாங்கவில்லை.