கேன்சல் சொல்லப் போனவன்

எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. கடைக்காரர் ஒரு சட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டால், அளவு பத்தாவிட்டாலும் வாங்கிவந்துவிடுவேன். இப்பேர்ப்பட்டவன் தலையில்தான் ஒரு கல்யாணத்தைக் கேன்சல் செய்யும் பொறுப்பு விழுந்தது. அதுவும் என்னுடைய கல்யாணம்.

கேன்சல் என்ற சொல்லை நாம் லேசாகத்தான் புழங்குகிறோம். பஸ் டிக்கெட் கேன்சல், மழை வந்தால் மேட்ச் கேன்சல். அதையே அரசாங்கம் செய்தால் 'ரத்து' என்று கம்பீரமாக ஒரு பேர். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெண் போன் செய்து, "உங்க மேல குறை ஒண்ணும் இல்லைங்க. எனக்கு இதுல இஷ்டமில்லை, வீட்லயும் சொல்லிட்டேன்" என்றாள். என்ன தெளிவு! (நான் "பரவாயில்லைங்க, தேங்க்ஸ்" என்றேன். எதற்குத் தேங்க்ஸ் என்று இன்றுவரை தெரியவில்லை.)

திண்டுக்கல்லில் எங்கள் வீடு அன்றோடு பேச்சை நிறுத்தியது. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்றேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே அதட்டினார்.

"ஏலே, வீடு வீடாப் போயி வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச சனம். கேன்சலை மட்டும் போன்ல சொல்லுவியா? நேர்ல போயிச் சொல்றதுதான் மொறை."

"அப்ப நீங்களும் வாங்கப்பா."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? நீ போயிட்டு வா."

பைக்கில் தனியாகக் கிளம்பினேன். அழைக்கப் போனபோது காரில் ஐந்து பேர், வழியெல்லாம் சிரிப்பு. செம்பட்டிச் சித்தப்பாவும் கன்னிவாடி மாமாவும், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம், நெய்க்காரப்பட்டியில் இருக்கும் அத்தை. அப்பாவின் தங்கை. பழனிப் பக்கம் வாழ்க்கைப்பட்டதில், சின்னவர்களையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"வாங்க கண்ணு! என்னுங்க இப்படி இளைச்சுட்டீங்க?"

உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டினார். எனக்குப் பரிசாக வாங்கிய குத்துவிளக்கைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அந்த வாரத்தில் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். கிளம்பும்போது எப்படியோ வாயைத் திறந்தேன்.

"அத்தை, அந்தக் கல்யாணம்..."

"வராம இருப்பமுங்களா? வேனே பேசியாச்சுங்க கண்ணு."

"சரிங்கத்தை. எல்லாரும் வந்துருங்க."

(ஆமாம், நானேதான் சொன்னேன்.)

வீட்டில், "எல்லார்ட்டயும் சொல்லியாச்சு" என்று புளுகினேன். தினமும் போனை எடுப்பேன், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைப்பேன். அப்படியே முகூர்த்த நாளும் வந்துவிட்டது. விடிந்ததும் மண்டபத்து வாசலில் போய் நின்றேன். கேட்டில் பூட்டு. காவல்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

"கல்யாணம் கேன்சலாயிருச்சே தம்பி. ஒங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்கண்ணே. நான்தான் மாப்பிள்ளை."

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து போட்டார். ஒருமணி நேரம் அந்தத் தெருவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனிமையை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

வேன் வந்தது. பட்டும் பூவுமாகப் பதினோரு பேர் இறங்கினார்கள்.

"மேளச்சத்தமே கேக்கலீங்களே?" என்றார் அத்தை.

"கேன்சல் அத்தை. பத்து நாளாச்சு."

"அப்ப அன்னைக்கு வந்தீங்களே?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அத்தையின் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு பதினோரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"பத்து நாளா இதைத் தனியாவா சுமந்தீங்க கண்ணு? சாப்டீங்களா?"

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தோம். பரிமாறியவர், "கல்யாணக் கூட்டமா? மாப்பிள்ளை வரலையா?" என்றார்.

"இவருதானுங்க. இன்னும் ரெண்டு இட்லி வைங்க" என்றார் அத்தை. வேனில் கொண்டுவந்திருந்த குத்துவிளக்கையும் திருப்பி எடுத்துப் போக மறுத்துவிட்டார்.

எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. தனியாகத்தான் இருக்கிறேன். சொந்தத்தில் எந்த விசேஷம் நின்றுபோனாலும், "அவன்ட்ட சொல்லியனுப்பாதீங்க, வேனோட கூட்டியாந்துருவான்" என்பார்கள். வருஷா வருஷம் அதே தேதியில் அத்தை போன் செய்வார்.

"கண்ணு, இன்னைக்கு வரலாமுங்களா, கேன்சலுங்களா?"

"வந்துருங்கத்தை" என்று சொல்லிவிட்டு, விளக்கைத் துடைத்து வைத்து, பன்னிரண்டு பேருக்கு இட்லி மாவு வாங்கக் கிளம்புவேன்.