வண்ணக்கர் முதுகில் எட்டு வட்டம்

படித்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சீனாவில் ஐந்து வருடம் அவர்களுடைய பாரம்பரிய வைத்தியம் படித்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் பக்க வழக்கப்படி கலியாணத்தோடு வாவிக் கரையிலிருந்த மனைவி வீட்டுக்குக் குடிபோனேன். போன கையோடு, அந்த வைத்தியத்தை ஊராருக்குக் கற்பித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். (ஊரில் யாரும் கேட்கவில்லை.)

வகுப்பு நடத்த இருந்த ஒரே இடம் கோயில் மண்டபம். அதைத் தர வேண்டியவர் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர். அவர்தான் என் மாமனார்.

"ஒரு நாளைக்குத் தாறன். சனம் வந்தா தொடர்ந்து நடத்துங்க. வராட்டி இதை விட்டுப்போட்டு ஒரு உத்தியோகத்தைப் பாருங்க மருமகன்" என்றார்.

ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். செய்து காட்ட ஒரு முதுகு தேவைப்பட்டது. வயல் வேலையில் இடுப்புப் பிடித்திருந்த மாமாவே சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். நாடி பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன், தூக்கம், பசி, மலம் வரைக்கும் சபையில் வைத்தே விசாரித்தேன். பிறகு எட்டுக் கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் தீயைக் காட்டி முதுகில் கவிழ்த்தேன். அவை தோலைக் கவ்விப் பிடித்தன. பத்து நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டும். நானோ உடலில் ஓடும் உயிர்ச்சக்தியை விளக்கத் தொடங்கி என்னையே மறந்துவிட்டேன்.

"மருமகன், என்ட முதுகு இன்னும் இரிக்கா?" என்று மாமா கேட்டபோதுதான் நினைவு வந்தது.

எட்டு வட்டங்கள், நாவற்பழ நிறத்தில்.

"இடுப்பு நோ குறைஞ்சிட்டு. இந்தத் தடம் எப்ப போகும்?"

"பத்து நாளாகும் மாமா."

"நாளண்டைக்குக் கொடியேத்தம்" என்றார் மாமா.

அத்தனை கேள்வி கேட்ட நான் அதை மட்டும் கேட்கவில்லை. மண்டப வாசலில் தோரணம் தொங்கியதும் என் கண்ணில் படவில்லை. நாளை மறுநாள் திருவிழாக் கொடியேற்றத்தில் வண்ணக்கர் வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நிற்க வேண்டும். தொற்று நோய் என்றும் பேசுவார்கள், வீட்டில் அடி விழுந்தது என்றும் பேசுவார்கள்.

மாமா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவரைத் தனியே நிற்க விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் காலை மனைவியிடம் கிண்ணங்களைக் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்தேன்.

"மாமாவுக்கு வெச்ச மாதிரியே எட்டையும் வை. நான் சொல்லும் வரைக்கும் எடுக்காதே."

"இஞ்சருங்க, உங்களுக்கு விசரா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தாள். (கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அப்பாவின் முதுகுக்குப் பழி வாங்குகிறாளோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.)

கொடியேற்றத்தன்று மாமாவுக்குப் பின்னால் நானும் வெறும் மேலோடு போய் நின்றேன். ஊர் முழுக்க எங்கள் முதுகைத்தான் பார்த்தது. மாமாவும் திரும்பிப் பார்த்தார். அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "ரெண்டு பேரும் சாமிக்கு என்ன நேத்தி வெச்சீங்க, வண்ணக்கர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார். "நேத்தி இல்ல. மருமகன்ட வைத்தியம். என்ட இடுப்புக்கு நல்ல சுகம். திருவிழா முடிய மண்டபத்துக்கு வாங்க."

பதினேழு பேர் வந்தார்கள். வகுப்பு இன்றும் நடக்கிறது. கோயில் திருவிழா எப்போது என்று நோயாளியிடம் கேட்காமல் என் மாணவர்கள் கிண்ணத்தைத் தொடமாட்டார்கள்.

வீட்டில்தான் மன்னிப்பில்லை. நாங்கள் கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் மனைவி வாசலில் மறித்து, "ரெண்டு பேரும் முதுகைக் காட்டிப்போட்டுப் போங்க" என்கிறாள். ஊருக்கே உத்தரவு போடும் வண்ணக்கர் மறுபேச்சில்லாமல் திரும்பி நிற்கிறார். என்னையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார்.