பெரியப்பா அமுக்கிய பட்டன்

அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நான்தான். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதையெல்லாம் சொல்வேன். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. என் மாமனார் வீட்டில் இன்றுவரை ஒரு ஆள் இதை ஒப்புக்கொண்டதில்லை. மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை என்கிறார்களே, அது எந்த ஊரில் கிடைக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கிடைப்பது நாட்டுக்கோழிக் குழம்பு மட்டும்தான். (குழம்பைக் குறை சொல்லவில்லை.)

நான் பிறந்ததிலிருந்து எதிலும் ஜெயித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் ஓட்டத்தில் மூன்றாம் பரிசு வாங்கினேன். ஓடியது நான்கு பேர். நான்காவது ஆள் வழியில் செருப்பு அறுந்து நின்றுவிட்டான். அப்படிப்பட்டவன் இருபத்தெட்டாவது வயதில், பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டு, மாலை நேரங்களில் ஒரு சாம்ராஜ்யத்தை ஆண்டுவந்தேன்.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனால் சுட்டுத் தள்ளுகிற வகை இல்லை. ஆடுபுலி ஆட்டம் மாதிரி, ஒரு முறை நான் நகர்த்த வேண்டும், அடுத்த முறை எதிரி நகர்த்துவான். ஊர் கட்டலாம், வயல் போடலாம், படை திரட்டலாம். மொத்தம் முந்நூறு முறை, அதாவது முந்நூறு டர்ன். அதற்குள் எதிரி ராஜாவின் தலைநகரைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் தோல்வி. எளிது, நடுத்தரம், கடினம் என்று பல நிலைகள் உண்டு. கடைசி நிலைக்கு நான் வைத்த பெயர் அசுர நிலை. அதில் எதிரிக்கு ஆரம்பத்திலேயே நான்கு ஊர், நமக்கு ஒரு குடிசை. போதாததற்கு, செய்ததைத் திருத்த முடியாது என்ற விதியையும் நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒரு பட்டனை அமுக்கினால் அமுக்கினதுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவே முடியாது. (யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வயதில் எனக்கு அவ்வளவு திமிர்.)

நான்கு மாதம் ஆடினேன். ஐந்து தடவை தோற்று, ஆறாவது தடவை பதினாறு ஊர்களைப் பிடித்து, எதிரியின் தலைநகரைச் சுற்றி வளைத்து நின்றேன். இருநூற்று எண்பத்தேழாவது முறை நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டே முறை போதும், கோட்டை என் கையில். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எதிலோ முதலாவதாக வரப்போகிறேன்.

அன்றைக்கென்று பார்த்துப் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள்.

பெண்ணை நாங்கள் முன்பே பார்த்தாகிவிட்டது. பெயர் மேகலா, ஊர் ஆண்டிமடம் பக்கம், திருச்சியில் வேலை. எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்ததாகத்தான் கேள்வி. அடுத்து அவர்கள் வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை தண்ணீர், காபியோடு சரி.

ஞாயிறு காலை பத்தரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. அரியலூர் தாண்டி சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. சரி, ஒரு முறை ஆடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நகர்த்திவிட்டு, முறையை முடிக்கும் பட்டனை அமுக்கினேன். எதிரி யோசிக்க ஆரம்பித்தான். வாசலில் கார் ஹாரன் கேட்டது.

"ஏன்டா, அவங்க வந்து எறங்குறாங்க. இன்னும் அந்தக் கட்டத்தையே பாத்துகிட்டு இருக்க. மூடி வையி" என்றாள் அம்மா.

"இது நான் தொட்டாத்தாம்மா நகரும். அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றேன்.

இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அம்மா ஒரு பூப்போட்ட துண்டை எடுத்து லேப்டாப்பின் மேல் போர்த்தினாள். நான் வாசலுக்கு ஓடினேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மேகலாவின் அப்பா, அம்மா, அப்புறம் பெரியப்பா. பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் பஞ்சாயத்து பேசுவது. முந்திரித் தோப்பில் எல்லை தகராறா, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினையா, ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு தரப்பையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வைத்து, கையைக் குலுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

மேகலாவின் அம்மா போனில் வீடியோ காலைப் போட்டு, திருச்சியில் இருந்த மகளுக்கு எங்கள் வீட்டை அறை அறையாகக் காட்ட ஆரம்பித்தார். "இங்க பாரு, அடுப்படி. மேடை ஒசரம் சரியா இருக்கா?" நான் பின்னாலேயே போனேன். மோட்டார் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று அவள் அப்பா கேட்டார். மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. அவர் முன்னறையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தால், துண்டு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. லேப்டாப்பின் முன்னால் பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"வாங்க தம்பி. ஒங்க பிரச்சன முடிஞ்சுது" என்றார்.

"என்ன பிரச்சனைங்க?"

"உள்ள மணி அடிச்சிகிட்டே இருந்துது. எடுத்துப் பாத்தா ஒரு ராஜா கையக் கூப்பிகிட்டு நிக்கிறான். சண்ட வேணாம், பத்து டர்னுக்கு சமாதானமா இருப்போம், ரெண்டு ஊர மட்டும் திருப்பிக் குடுங்கன்னு இங்கிலீஸ்ல எழுதியிருந்துது. வூடு தேடி வந்து கும்புடுறவன எப்படி நிக்க வைக்கிறது? சரின்னு அமுக்கிட்டேன்."

திரையைப் பார்த்தேன். கோட்டையைச் சுற்றி நின்ற என் படை முழுவதும், சமாதான விதிப்படி எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டு, ஒரு காட்டில், மழையில் நின்றது. சாலையைக் காவல் காத்த இரண்டு ஊர்களும் போய்விட்டன. அதில் ஒன்றைப் பிடிக்க எனக்கு ஐப்பசி மாதம் முழுவதும் ஆனது.

"யாரக் கேட்டுங்க அமுக்குனீங்க?" என்று கத்தினேன். கத்தியே விட்டேன். "நாலு மாசம். நாலு மாசமா ஒண்ணு ஒண்ணா புடிச்சேன். ஒங்க வூட்டு ஊரா அது, தூக்கிக் குடுக்க?"

மாடிப்படியில் மேகலாவின் அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவள் அம்மா கையில் போன் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. என் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, கண்ணாலேயே என்னைத் தோலுரித்தாள்.

"பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா? மன்னிப்புக் கேளு" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கணுமாம். நியாயத்தைப் பாருங்கள். அடுத்தவன் சாம்ராஜ்யத்தில் இரண்டு ஊரைத் தானம் செய்தவர் அவர், மன்னிப்பு நான். கேட்டேன். வேறு வழி? ஆனால் மனதுக்குள் ஒரு துளிகூடக் கேட்கவில்லை.

பெரியப்பா கோபப்படவில்லை. வழக்குக்கு வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "ஒங்ககிட்ட பதினாறு ஊரு இருக்கே தம்பி. ரெண்டக் குடுத்தா பதினாலு. மனுசனுக்கு அது பத்தாதா?"

"தலைநகரம் வேணுங்க. அது இல்லன்னா தோத்ததா அர்த்தம்."

"இன்னும் எத்தன டர்ன் இருக்கு?"

"பதிமூணு. பத்து சமாதானத்துல போயிடும். மிச்சம் மூணு. காட்டு வழியா நடந்து போகவே நாலு ஆகும்."

"அப்ப பத்து டர்னு சும்மா இருங்க. கோவம் ஆறிடும்" என்றார். கோவம் ஆறினால் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமாம்.

நான் போய் லேப்டாப்பை மூடியிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் வீம்புக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவர் செய்த சமாதானத்தால் நான் எப்படித் தோற்கிறேன் என்று இவர் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும் என்ற வெறி. எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். இருநூற்று எண்பத்தெட்டு. இருநூற்று எண்பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் ஒன்றும் செய்யாமல் பட்டனை அமுக்கினேன்.

"இந்த மாடு எதுக்கு நிக்குது?" என்று மேகலாவின் அம்மா கேட்டார்.

"அது குதிரைப் படைங்க."

"மெலிஞ்சு கெடக்கு" என்றார்.

இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டாவது முறையில் போனிலிருந்து குரல் வந்தது. "அம்மா, போன அந்தப் பக்கம் திருப்பு. ஏங்க, கீழ ஆத்தோரம் ரெண்டு படகு நிக்குதே, அது யாரோடது?"

பார்த்தேன். என்னுடையதுதான். என்றைக்கோ உப்பு ஏற்றிப்போகக் கட்டிய சரக்குப் படகுகள். மறந்தே போயிருந்தேன்.

"அந்த ஆறு கோட்டைக்குப் பக்கத்துல தானங்க போவுது?" என்றாள் மேகலா.

கணக்குப் போட்டேன். எல்லைவரை இப்போதே கொண்டுபோய் நிறுத்தலாம். சமாதானம் முடிந்ததும் ஆற்று வழியே இரண்டே முறை. முந்நூறாவது முறையில் கோட்டைச் சுவர். குதிரைப் படையைப் படகை நோக்கி நகர்த்தினேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "என்னா பண்றீங்க?"

"படகுல ஏத்துறேங்க."

"சமாதானம் பேசி அஞ்சு டர்னுகூட ஆவல. அதுக்குள்ள படகுல ஆள ஏத்துறீங்களா?"

"பத்து டர்ன் முடிஞ்சப்பறம்தான் அடிப்பேன். விதிப்படிதான்."

"ஏத்துறது எதுக்கு? காத்து வாங்கவா?"

நான் இரண்டாவது படகிலும் ஆளை ஏற்றினேன். அவர் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். தொண்ணூற்றேழு முடிந்து தொண்ணூற்றெட்டு ஆனதும், என் படகுகள் எல்லையைத் தாண்டின. எதிரி ராஜா திரையில் வந்து நம்பினேனே என்பது போலப் பார்த்தான். பெரியப்பாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"முப்பது வருசமா பஞ்சாயத்து பேசுறேன். நான் பேசி முடிச்ச எடத்துல ஒருத்தன் மறுபடி கைய வச்சதில்ல. வாங்க, போலாம்" என்று தன் தம்பியான மேகலாவின் அப்பாவிடம் சொல்லிவிட்டு, முழங்கால் வலியையும் மறந்து வெளியே நடந்தார்.

தம்பி பின்னால் ஓடினார். தம்பி மனைவி கையிலிருந்த போனை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடினார். என் அம்மா, "அண்ணே, சாப்புட்டுப் போவலாம், எல வாங்கி வச்சிருக்கேன்" என்று பின்னாலேயே ஓடினாள். ஓட வேண்டியவன் நான். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் முந்நூறுக்கு இன்னும் இரண்டு முறைதான் பாக்கி. நான் ஓடவில்லை.

தொண்ணூற்றொன்பது. முந்நூறு. குதிரைப் படை கோட்டைச் சுவரில் மோதியது. முதல் அடியில் சரியவில்லை. இரண்டாவது படகில் இருந்தவர்களை இறக்கினேன். கதவு விழுந்தது. திரை முழுவதும் பொன்னிறமாகி, எக்காளம் முழங்க, யானைகள் ஊர்வலம் போயின. அசுர நிலையில் ஜெயித்துவிட்டேன். நான், நானே, ஜெயித்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அறையில் ஒருவரும் இல்லை. வாசலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேசை மேல் போன் மல்லாக்கக் கிடந்தது. அதில் மேகலாவுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும்தான்.

"ஜெயிச்சாச்சா?" என்றது போன்.

"ஜெயிச்சாச்சு."

"படகுலதான?"

"ம்."

"அப்ப சரி. போயி எங்க பெரியப்பாவ நிறுத்துங்க. காலுல வுழுந்தாலும் பரவால்ல, கார் கெளம்பக் கூடாது" என்றாள்.

போய் விழுந்தேன். நடுத்தெருவில், எதிர் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு பார்த்துக்கொண்டு நிற்க, புது வேட்டியோடு விழுந்தேன். நான் கொண்டுபோன போனை மட்டும் வாங்கிக்கொண்டு கார் கிளம்பிப் போய்விட்டது. அன்று அம்மா சமைத்த பதினைந்து பேர் சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் சாப்பிட்டோம். ஜெயித்த திரையை யாரிடமாவது காட்டலாம் என்றால், அம்மாவிடம்தான் காட்ட வேண்டும். காட்டவில்லை.

கல்யாணம் நடக்க மேலும் எட்டு மாதம் ஆனது. மேகலா அவர்கள் வீட்டில் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "படகு ஐடியா என்னுது. நான் ஜெயிச்ச ஆட்டத்துக்கு நீங்க எதுக்கு தண்டன அனுபவிக்கணும்னு சொன்னேன்" என்கிறாள். ஐந்து தடவை தோற்றவன் நான், நான்கு மாதம் உட்கார்ந்தவன் நான், படகு கட்டியவன்கூட நான். அவள் செய்தது ஒரு கேள்வி கேட்டது. ஆனால் அவர்கள் பக்கத்துச் சொந்தம் எல்லாருக்கும், மேகலா போனிலேயே கோட்டை பிடித்தவள். நான் பட்டன் அமுக்கியவன்.

அதையாவது விட்டுவிடலாம். போன மாதம் ஆண்டிமடத்தில் அவள் சித்தப்பாக்கள் இருவருக்குள் பொதுவான போர்வெல்லைப் பற்றி ஒரு பேச்சு. யாருக்கு எந்தெந்த நாளில் தண்ணீர் என்று பெரியப்பா முடிவு பண்ணிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நல்லதாக ஒரு யோசனை தோன்றியது. தொண்டையைச் செருமினேன்.

"மாப்ள, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் பெரியப்பா.

ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எழுந்து போய் முந்திரி மரத்தடியில் நின்றேன். உள்ளே மேகலா எனக்காகப் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

"பெரியப்பா, அவர் ஒண்ணும் பேச்ச மீறல. பத்து டர்னும் சும்மா காத்திருந்து, முடிஞ்சதுக்கு அப்பறம்தான் அடிச்சாரு."

"அதாம்மா" என்றார் பெரியப்பா. "காத்திருந்து அடிச்சாரு பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."