மொட்டை மாடியும் வத்தல் மேஸ்திரியும்

எங்கள் பாலக்கோட்டில் தளம் போட்ட வீடுகளில் பாதி வத்தல் மேஸ்திரி கட்டியவை. அவற்றின் மொட்டை மாடிகள் மட்டும் முழுசாக அவருக்கே சொந்தம். வீட்டுக்காரர்கள் கீழே குடியிருந்துகொள்ளலாம், அதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது.

மனிதருக்கு மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு ஏக்கர் நிலம். நாலு மாமரம், ஒரு புளியமரம், மீதி இடத்தில் பருவத்துக்குத் தகுந்தபடி தக்காளி, கொத்தவரை, அவரை. ஊருக்கெல்லாம் தளம் போட்டவர் தனக்கு மட்டும் அந்த நிலத்திலேயே தகரக் கூரை போட்டுக்கொண்டார். விளைந்ததைக் காயவைக்க இடம் வேண்டுமே? அதற்குத்தான் நாங்கள் இருந்தோம்.

என் வீட்டுப் புதுமனைப் புகுவிழா அன்று மாடியில் பந்தி போடுவதாக ஏற்பாடு. வாழை இலைக் கட்டோடு மேலே போன சமையல்காரர் அதே கட்டோடு இறங்கி வந்தார். போய்ப் பார்த்தால், மாடி முழுக்கப் பழைய வேட்டிகள், அவற்றின் மேல் உப்பும் மஞ்சளும் பிரட்டிய மாங்காய்க் கீற்றுகள்.

“மேஸ்திரி, இன்னைக்குப் பந்தி!”

“தெரியும் சார். அதனாலதான் வெள்ளென வந்து போட்டேன். ஆளுங்க மேல வந்தா மிதிச்சிடுவாங்க பாருங்க. கீழ போட்டுக்கலாம்.”

“வீடு என்னோடது மேஸ்திரி.”

“வூடு உங்களுதுதான், யாரு இல்லேன்னா? வெயிலு உங்களுதா?”

விருந்தாளிகள் தெருவில் சாமியானா போட்டுச் சாப்பிட்டார்கள். சாமியானா வருவதற்குள் சாம்பார் ஆறிப்போனது. மாடிக் கைப்பிடிச் சுவரை ஏன் முழங்கால் உயரத்துக்குக் கட்டினார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. காலை வெயிலை மறைக்கக் கூடாதாம்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை வானத்தைப் பார்த்தே நடந்தது. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தலைமை ஆசிரியர் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது போன் வரும். “சார், மேக்கால கருக்குது. அம்மாவைச் சீக்கிரம் மாடிக்குப் போவச் சொல்லுங்க.” நானும் மனைவியும் சேர்ந்து தீர்த்தமலைக்குப் போய்வந்து வருஷங்கள் ஆயின. ஒருவர் சாமி கும்பிடப் போனால் இன்னொருவர் கொத்தவரங்காய்க்குக் காவல்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழையில் சூடான ராகிக் களிக்கு அவர் தரும் மாங்காய் வத்தலில் வைத்த குழம்பை ஊற்றிக்கொண்டால், வயிறு போதும் என்றாலும் கை கேட்காது. ஆனால் இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் ஹாலையும் கேட்பார்.

போன வருஷம் சித்திரையில் தக்காளியைச் சீந்த ஆளில்லை. பறித்தவர்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி தன் பழத்தைக் கொட்டவில்லை. அதோடு விட்டாரா? பக்கத்து நிலத்துக்காரர் கொட்டப்போனதையும் வாங்கி ஏற்றிக்கொண்டு மூன்று ஆட்டோக்களில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

“ஒரு பழம் மண்ணுக்குப் போவக்கூடாது சார். வூட்டுக்கு நாலு கிரேடு பொட்டி, அவ்வளவுதான்.”

இரண்டு நாள் தெருவே தக்காளித் தொக்கு கிண்டியது. என் மனைவிக்குக் கை வீங்கியது, கேஸ் தீர்ந்தது. மூன்றாம் நாள், மாடியில் பிளந்து காயப்போட்டிருந்த தக்காளியின் சாறு வழிந்து, கீழே கொடியில் உலர்ந்த என் வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் கொலைக்களம் போல் ஆயின. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் குடியிருக்க வீடு கட்டினேனா, உங்க தக்காளிக்கு லாட்ஜ் கட்டினேனா? இனிமே மாடி ஏறாதீங்க!”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் அன்று வேட்டிகளை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, பத்து நாள் சொர்க்கம். காலியான மாடியில் காப்பி டம்ளரோடு உலாவினேன். பதினோராம் நாள், பொம்மிடியில் வேலை செய்யும்போது சாரம் சரிந்து விழுந்து மேஸ்திரிக்குக் கால் முறிந்துவிட்டது என்று சேதி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டோடு கிடந்தவர் என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் கும்பிட்டார். பிறகு பக்கத்தில் இருந்த அவர் மனைவியிடம், “நேத்தைக் காத்துல காய் பூரா உதிர்ந்திருக்கும்” என்றார். என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காத மனிதரை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சாக்குகளோடு அவர் நிலத்துக்குப் போனோம். மரத்தடி முழுக்க மாங்காய். பொறுக்கி வந்து, நறுக்கி, உப்புப் பிரட்டி, எங்கள் மாடியில் நாங்களாகவே காயப்போட்டோம். வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்குதுங்க சார்” என்றார்.

போனை வைத்த பிறகு என் மனைவி பயந்துபோய்க் கேட்டாள்: “என்னங்க இவரு, நல்லாருக்குன்னு சொல்றாரு?”

எனக்கும் அதே பயம்தான். ஒரு கீற்று விரல் கனம், ஒரு கீற்று காகிதக் கனம். பழைய மேஸ்திரியாக இருந்தால் போனுக்குள்ளிருந்தே கத்தியைப் பிடுங்கியிருப்பார். மறுநாளும், அதற்கு மறுநாளும் காட்டினோம். “நல்லாருக்குதுங்க” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார் என்று அவர் மனைவி போனில் அழுதார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, ஊன்றுகோலும் கையுமாக வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேரே சமையலறைக்குப் போய், நாங்கள் போட்டு வைத்த ஜாடியைத் திறந்து, ஒரு வத்தலை எடுத்து வளைத்தார். அது ரப்பர் போல வளைந்தது. கடித்தார். துப்பினார்.

“இதைப் போயி வத்தலுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? உள்ள ஈரம் அப்படியே கெடக்குது! ஆடி மாசத்துல பூசணம் பூத்து நிக்கும்! படிச்சவங்கதானே ரெண்டு பேரும்? எவ்வளவு உப்பு போட்டீங்க? கண்ணு எங்க இருந்துச்சு? எல்லா ஜாடியையும் தூக்குங்க மேல!”

ஆளுக்கு இரண்டு ஜாடியைக் கட்டிக்கொண்டு படியேறினோம். கீழேயிருந்து திட்டு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பாதிப் படியில் என் மனைவி நின்று திரும்பினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“பொழைச்சிக்கிட்டாருங்க” என்றாள்.