இருநூற்றுப் பதினேழு படங்களும் கண்ணுக்குத் தெரியாத வரிகளும்

அன்பும் மரியாதையும் நிறைந்த நஜாத் சித்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் வேலையாகக் காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் ஃபோன் சத்தமாகப் படித்தால் என் கதை முடிந்தது. சித்தப்பாவிடம்கூடச் சொல்ல வேண்டாம். உங்கள் உடம்பு சுகமா, மாடியில் வைத்த மல்லிகைச் செடி சுகமா என்றெல்லாம் முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை என்று அம்மா என் ஃபோனைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். அதனால் அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குளியலறையில் தாழ் போட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, மாகாண இணையதளத்தில் உங்கள் புகாருக்குக் கீழே இருக்கும் 'பதில்' பெட்டியில் எழுதுகிறேன்.

நீங்கள் புகார் கொடுத்தது தப்பே இல்லை. ஊனமுற்றோர் அட்டையை இந்தத் தளத்தில் புதுப்பிக்கப் போன பார்வையற்ற ஒருவரிடம், 'நீங்கள் மனிதர்தான் என்று காட்ட, போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொடுங்கள்' என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் புதுச் சட்டப்படி, அரசாங்கத் தளம் எல்லோருக்கும் பயன்படுகிறதா என்று பார்க்க ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டுமாம். ஆளுநர் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. ஒரு வாரம் அம்மா பொரிந்து தள்ளினாள். “என் தங்கச்சி புகார் குடுப்பா, என் வீட்டுக்காரர் பதில் சொல்லணும். நல்ல குடும்பம்பா இது” என்றாள். அப்பா ரொட்டியை ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டே, “நஜாத்துக்குக் கண்ணு தெரியாது. ஆனா எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும்” என்றார். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். சட்டத்தை விளக்கும் சுற்றறிக்கையை முதலில் தளத்தில் ஏற்றினார்கள். அதை ஸ்கேன் செய்து, கோணலாக, நடுவில் வட்ட முத்திரை குத்தி ஏற்றியதால், எந்த எழுத்தையும் எந்த ஃபோனாலும் படிக்க முடியவில்லை. பிறகு கூட்டம் போட்டார்கள். பார்வையற்றவர்களுக்கு ஆளுநரின் படம் தெரியவில்லை என்பதுதான் புகாரின் சாரம் என்று புரிந்துகொண்டு, அந்தப் படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினார்கள். விண்ணப்பப் படிவம் அதற்குக் கீழே எங்கோ போய்விட்டது. கடைசியில் தலைநகரிலிருந்து ஒருவர் போன் செய்து, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரி கண்ணுக்குத் தெரியாது, பார்வையற்றவரின் ஃபோன் மட்டும் அதைப் படிக்கும் என்று அப்பாவுக்கு விளக்கினார். தளத்தில் இருநூற்றுப் பதினேழு படங்கள். ஆளுநர், “கண்ணுக்கே தெரியாத வரிக்கு இவ்வளவு அலட்டலா? யாரையாவது வச்சு நிரப்புங்க” என்றாராம். அந்த யாரோ நான்தான்.

முதல் பத்துப் படங்களுக்கு அப்பா சொன்னபடியே ‘மாண்புமிகு ஆளுநர் திறந்து வைக்கிறார்’ என்று எழுதினேன். பதினோராவதில் உங்கள் நினைவு வந்தது. இதையே இருநூறு தடவை கேட்டால் சித்தி ஃபோனைக் கிணற்றில் போட்டுவிடுவாரே என்று தோன்றியது. அதனால், சித்தி, அல்லாஹ்வின் மேல் ஆணையாக வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், படத்தில் கண்டதை எழுதினேன். ‘குழாய்த் திறப்பு விழா. ஒன்பது ஆண்கள் கைதட்டுகிறார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. சுவருக்குப் பின்னால் ஒருவர் வாளியோடு தயாராக நிற்கிறார்.’ ‘பெண்கள் தினக் கூட்டம். மேடையில் ஆறு ஆண்கள். காபி கொண்டுவருபவர் பெண்.’ ‘ஆளுநர் ஒலிவ மரக்கன்று நடுகிறார். இருபத்திரண்டாம் படத்திலும் அறுபதாம் படத்திலும் நட்ட அதே கன்று. இலைகள் குறைந்திருக்கின்றன.’ ‘ஆளுநர் சிரிக்கிறார். மற்றவர்கள் சிரிக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.’

அப்பா ஒன்றையும் படித்துப் பார்க்கவில்லை. தளத்தைச் சோதிக்கும் மென்பொருள் வரி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்குமாம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதாம். நூற்றுக்கு நூறு போட்டுவிட்டது. ஆளுநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரும் எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று தளத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் திருத்தப் போனால் உள்ளே விடவில்லை. திறந்திருப்பது இந்தப் பதில் பெட்டி ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்குப் பெரிய மண்டபத்தில், வானொலிக்காரர்கள் முன்னால், புகார் கொடுத்த நீங்களே தளத்தைக் கேட்டுப் பார்த்துத் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று நாலு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நன்றாக முடிந்தால் அப்பா பிரிவுத் தலைவர். சொதப்பினால் தெற்கே பாலைவன எல்லைச் சாவடிக்கு மாற்றல். அங்கே மணலுக்குத்தான் கோப்பு திறக்க வேண்டும் என்கிறாள் அம்மா. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சாயங்காலம் அவருடைய கோட்டை அவள் இரண்டு தடவை இஸ்திரி போட்டதை நான் பார்த்தேன்.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாளை படங்கள் பக்கம் போகாதீர்கள். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுங்கள். தவறி ஒரு படத்தில் விரல் பட்டுவிட்டால் இருமுங்கள். எதற்கும் சிரிக்காதீர்கள், நீங்கள் சிரித்தால் ஒலிபெருக்கியே தேவையில்லை. ஒரே ஒரு படத்தை மட்டும் பிறகு வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேளுங்கள், நூற்றுத் தொண்ணூறாவது. அதில் ஆளுநரைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒருவர் மற்ற ஐந்து பேரின் கோட்டுகளையும் கையில் சுமந்து நிற்கிறார். ‘இந்தப் படத்தில் வேலை செய்பவர் இவர் ஒருவர்தான். இவர் என் அப்பா’ என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கச் சொன்னால் மட்டும் அழிக்க மாட்டேன்.

சித்தப்பாவுக்கு என் சலாம். உங்கள் வீட்டில் மாவும் எண்ணெயும் குறையாமல் இருக்கட்டும், நாளை நீங்கள் வரும் ஷேர் டாக்சியில் உங்களுக்கு முன் இருக்கை கிடைக்கட்டும், உங்கள் துஆவில் அப்பாவுக்கு முதலிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
சிரீன்

பின்குறிப்பு: இந்தப் பெட்டி ஒரு தடவைக்கு ஆயிரம் எழுத்துதான் வாங்குகிறது. அதனால் பகுதி பகுதியாக அனுப்பிக்கொண்டே வந்தேன். இப்போது திரையைச் சாய்த்தபோதுதான், பெட்டிக்கு அடியில் வெள்ளை மேல் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருப்பது தெரிந்தது. ‘நகல்: மாண்புமிகு ஆளுநர், பொறுப்பு அலுவலர் (உடனடியாக).’ எழுத்து தெளிவாகத் தெரிகிற நிறத்தில் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தில்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் இதைப் பற்றிப் புகார் கொடுக்கவும் முடியாது, உங்கள் ஃபோன் உங்களுக்கு அதை அழகாகப் படித்துக் காட்டியிருக்கும். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்குத்தான் தெரியவில்லை. சித்தி, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “சிரீன், தாழ்ப்பாளைத் திற. ஆளுநர் லைன்ல இருக்காரு, உன்கிட்டதான் பேசணுங்க