சொக்ஸ் மாமாவும் எழும்பாத சனமும்

லண்டன் முழுவதும் தேடினாலும், நம் ஆட்களின் வீட்டு வாசலில் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வருகிற வெள்ளைக்காரர் ஒருவர்தான் உண்டு. அவர்தான் சொக்ஸ் மாமா. ஃபாரஸ்ட் கேட்டில் எங்களுக்கு அடுத்த வீடு. உண்மையான பெயர் ஏதோ நீளமான பெயர், பிள்ளைகளே. நான் அதைச் சொல்ல முயன்றபோதெல்லாம், "பரவாயில்லை, விடும்" என்று தோளில் தட்டிவிடுவார். அவர் கதைப்பது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு எல்லாமே நம் பேச்சில்தான் நினைவிருக்கிறது.

"பாருங்கோ, எவ்வளவு பண்பான மனிசன்!" என்று என் மனைவி ஜெயா அந்தச் சப்பாத்தைப் பார்த்து உருகினாள். காரணம் வேறு. மாமாவின் ஊரில் சனம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சொக்ஸோடு சோடி சோடியாக ஆடுமாம். எங்கள் குசினித் தரை நல்ல வழுக்கல் என்று வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு பிரிட்ஜ் வரை ஒரு சுற்று ஆடிப் போய், பாலை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஆடித் திரும்பினார். ஒரு துளி சிந்தவில்லை.

மாமா தென்னாபிரிக்காவில் பெரிய பாட்டுக்காரர். பாடுவது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில். யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினார்களே ஒல்லாந்தர், அவர்களுடைய மொழிக்கு அது பேரப்பிள்ளை. ஒருநாள் ஜெயா மேல்மாடியில் நின்று, "இஞ்சேருங்கோ, கக்கூசு அடைச்சுப்போச்சு!" என்று கத்தினாள். கீழே இருந்த மாமாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அந்தச் சொல் அவருடைய மொழியிலும் உண்டாம், ஆனால் பெரிய ஆட்கள் முன்னால் சொல்லக்கூடாதாம். சிரித்து முடித்தபின் அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் அடைப்பை எடுத்தும் தந்தார்.

சோளத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை அவர். தேவாலயத்தில் பாடத் தொடங்கி, கலியாண வீடுகளில் பாடி, பிறகு கசெட், பிறகு தொலைக்காட்சி என்று வளர்ந்தார். வெள்ளைக்காரரை மட்டும் உள்ளே விட்ட மண்டபங்களில் பாடிய காலமும் உண்டு. அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வார். பாட்டெல்லாம் உழவு மெசின், மழை, அம்மா ஊற்றும் கோப்பி பற்றியவை.

"சோகப் பாட்டு ஒண்டும் இல்லையோ மாமா?"

"இருக்கே. மழை பெய்யாத பாட்டு."

பிறகு தொண்டையில் சத்திரசிகிச்சை. குரல் கரகரத்துப்போனது. மேடையை விட்டுவிட்டு, லண்டனில் தாதியாக இருக்கும் மகளோடு வந்து தங்கிவிட்டார்.

எங்கள் தேவாலயப் பங்குத் தமிழரின் கிறிஸ்மஸ் ஒளிவிழா வந்தது. விழாக் கொமிற்றித் தலைவர் அந்தோனி அண்ணை, "தம்பி, உம்மட பக்கத்து வீட்டு ஸ்டாரைக் கேட்டுப் பாரும்" என்றார். கேட்டேன். மாமா சொக்ஸ் காலைத் தரையில் ஒருமுறை வழுக்கவிட்டுப் பார்த்தார்.

"பாடுறன். ஆனா இதுதான் சோதினை. சனம் எழும்பி ஆடினா, தொடர்ந்து பாடுவன். ஆடாட்டி, அடுத்த நாளே கிற்றார் பழைய சாமான் விக்கிற சரிட்டிக் கடைக்குப் போகும்."

விழா அன்று மாமா கிற்றாரை மீட்டிப் பாடினார். கரகரத்த குரல்தான், ஆனாலும் அதற்குள் ஒரு இனிப்பு இருந்தது. நம் சனத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே! வேறு நாளென்றால் மேடையில் யார் பாடினாலும் கீழே வீட்டு விலை கதைப்பார்கள். அன்று வெளிநாட்டு விருந்தாளி அல்லவா? முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, பூசைக்கு இருப்பதுபோல் இருந்தார்கள். தும்மிய ஒருவரை மூன்று பேர் "உஸ்" என்றார்கள். மாமா வேகத்தைக் கூட்டினார். சனம் மரியாதையைக் கூட்டியது. அவருடைய முகம் வாடிக்கொண்டே போனது.

அந்தோனி அண்ணைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பாட்டின் நடுவிலேயே மேடையேறி, மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மாமா துணியைப் பார்த்தார். பாதி வரியில் பாட்டை நிறுத்தி, குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். மாமா வெளி வாசலருகே கிற்றாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊரில சனம் குந்தி இருந்தா, பாட்டு செத்துப்போச்சு எண்டு அர்த்தம். அதுதான் போர்த்தி அனுப்பிப்போட்டீங்கள்."

"ஐயோ மாமா! எங்கட ஊரில சனம் எழும்பினாத்தான் பாட்டு செத்தது. எழும்பினா நேர சாப்பாட்டு மேசைதான்!"

"அப்ப இந்தத் துணி?"

"அது பெரிய ஆக்களுக்குப் போடுறது."

"பாட்டு முடிய முதலோ?"

"எங்களுக்குப் பொறுமை இல்லை மாமா."

அவர் பொன்னாடையை ஒருமுறை தடவிப் பார்த்தார். மண்டபத்துக்குள் திரும்பி நடந்தார். நான் மைக்கைப் பிடித்து, "மாமா பாடேக்கை எல்லாரும் எழும்பி ஆடவேணும். அது அவற்ற ஊர் மரியாதை!" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"நீ போவன்."

"என்ர முழங்கால் தெரியும்தானே?"

"முதல்ல கொமிற்றி ஆடட்டும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தோனி அண்ணைக்கு உடனே ஸ்பீக்கர் வயரில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. மாமா பாடத் தொடங்கினார். கண்கள் எங்கள் மேலேயே இருந்தன. முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியும் முடிந்தது.

அப்போது மன்னார் றோசம்மா அக்கா எழும்பினார். பாடகர் குழுத் தலைவி, அவருக்கு முன்னால் சுவாமியாரே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். "இது நாங்கள் கலியாண வீட்டில ஆடுற பைலாத் தாளம்தானே! என்ன, செத்த வீட்டிலயோ இருக்கிறியள்?" என்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஜெயாவைக் கையில் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான். கதிரைகள் சுவரோரம் பறந்தன. அந்தோனி அண்ணை வயரோடு ஆடினார். பாட்டின் உச்சியில் மாமாவின் குரல் உடைந்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. தெரியாத மொழியில் மண்டபமே கத்திப் பாடிக்கொண்டிருந்தது.

கிற்றார் கடைக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் சமைக்கிற நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாடத் தொடங்குகிறார். ஜெயா உடனே கிரைண்டரை நிறுத்திவிடுவாள். சம்பல் பிந்தும். பிந்தட்டும்.