உபரியாக இரண்டு பித்தளைத் துண்டுகள்

இனி இந்த வீட்டில் எது கெட்டாலும் வெளி ஆளைக் கூப்பிடக் கூடாது, எல்லாம் என் கையால்தான் சரியாகும் என்று போன ஞாயிற்றுக்கிழமை அறிவித்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு பஸ் டிரைவர் எங்கள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

முதல் நோயாளி என் சைக்கிள். கடையில் வாங்கியது இல்லை. வெல்டிங் பட்டறையில் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தது. எருமைக் கொம்பு மாதிரி கைப்பிடி, ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் போல நீள சீட். கைப்பிடியில் பிரேக் வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று நானே தடுத்துவிட்டேன். ஆகவே இருப்பது ஒரே ஒரு பிரேக், பின்சக்கரத்து ஹப்புக்குள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். அதுதான் சில நாளாக வழுக்கிக்கொண்டிருந்தது.

ஹப்பைக் கழற்றினேன். துடைத்தேன். கிரீஸ் தடவினேன். மாட்டினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் தரையில் வளைந்த பித்தளைத் துண்டுகள் இரண்டு மிச்சம். மறுபடி கழற்ற இடுப்பு சம்மதிக்கவில்லை. கம்பெனிக்காரன் தாராள மனசோடு இரண்டு கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். பெடலைப் பின்னால் சுற்றிப் பார்த்தேன். ஃபேன் மாதிரி சுற்றியது. துண்டுகளைப் பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"என்னங்க, பிரேக் சரியாயிடுச்சா?"

"கை வெச்சது யாரு?"

"அதனாலதான் கேக்கறேன்."

"மிதிச்சா பட்டுனு நிக்கும். போதுமா?"

நான் மட்டும்தானே ஓட்டுகிறேன், ஓட்டாமல் இருந்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தால், அவள் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு என் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என் வண்டி பஞ்சர். இன்னிக்கு இதுல போறேன்."

"பஸ்ல போயேன்."

"பஸ் போயிடுச்சு."

"மழை வரும்போல இருக்கு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒரு மேகம் கூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

"அந்த சீட்டு உனக்கு உயரம்."

"தரையில உக்காந்த மாதிரி இருக்கு. பிரேக் பிடிக்கும்தானே?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். எதிர் வாசலில் டிரைவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிடிக்கும்."

"நிச்சயமா?"

"ம்."

கிளம்பிவிட்டாள். எங்கள் தெரு மேலிருந்து கீழ் வரை ஒரே சரிவு. முடிகிற இடத்தில் லாரிகள் பறக்கும் பெரிய ரோடு. நானும் பிரஷ்ஷோடு பின்னாலேயே ஓடினேன். முதல் வீட்டைத் தாண்டும்போது, மெதுவாகத்தானே போகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வீட்டு மாடியில் பல் டாக்டர் நின்றிருந்தார். அவர் காதுபட எப்படிச் சொல்வது? ஐந்தாவது வீட்டருகே சைக்கிள் வேகமெடுத்தது. அப்போதும் "மெதுவாப் போ" என்றுதான் கத்தினேன். கட்டிய மனைவி லாரியைப் பார்த்துப் போகிறாள், நான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

ஏழாவது வீடு தையல்காரர் வீடு. அங்கே தாங்க முடியாமல் அலறிவிட்டேன்.

"குதிச்சிடு! அதுல பிரேக்கே இல்ல. நான் சரி பண்ணல. பொய் சொன்னேன்."

தெருவில் இருந்த ஜன்னலெல்லாம் திறந்தது.

அவள் பெடலைப் பின்பக்கமாக ஒரு மிதி மிதித்தாள். சைக்கிள் நின்றது. காலை ஊன்றிக்கொண்டு திரும்பினாள்.

"திங்கக்கிழமை பெருக்கும்போது சாக்ஸ் கெடச்சுது. நேத்து நீங்க ஆபீஸ் போனதும் அதுல இருந்த துண்டுங்கள எதிர்வீட்டு டிரைவரும் நானும் மாட்டிட்டோம்."

"அப்புறம் எதுக்கு என்னை இப்படி ஓட விட்ட?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளாப் பாத்தேன். சொல்லல."

குரலில் கோபமே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை. "வாயைத் தொடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

தலையைக் குனிந்துகொண்டு மேடேறினேன். கேட்டில் டிரைவர் சாய்ந்து நின்றிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பக்கத்தில் போனேன்.

"உங்களால தோத்துட்டேன் சார். மூணாவது வீடு வர்றதுக்குள்ள சொல்லிடுவீங்கன்னு நான் பந்தயம் கட்டினேன். உங்க வீட்டம்மாதான், ஏழாவது வீடு வர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாருன்னு அடிச்சுச் சொன்னாங்க."